பல்லுக்கு அளவுகோல் வைத்த டாக்டர் பிளாக்

பல்லில் சொத்தை விழுந்தால் டாக்டரிடம் போகிறோம். அவர் சொத்தையைக் குடைந்து எடுக்கிறார். குழியை அடைக்கிறார். அரை மணி நேரத்தில் வீடு திரும்புகிறோம். இன்று இது சாதாரண விஷயம்.

ஆனால், இந்த அடைப்புக்காக அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது! பல் டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒருவரை ஒருவர் மோசக்காரர் என்று ஏசினார்கள். அவர்களுடைய சங்கமே கலைந்துபோனது.

அந்தச் சண்டையில் வாய்ப்பேச்சை நிறுத்தி, அளந்து பார்த்து முடிவு சொன்னவர் ஒரு விவசாயியின் மகன். பல் மருத்துவக் கல்லூரியில் மாணவராக ஒரு நாள்கூட உட்காராதவர்.

அவர் பெயர் கிரீன் வர்டிமன் பிளாக்.

காட்டில் திரிந்த சிறுவன்

அமெரிக்காவில் இல்லினாய் என்று ஒரு மாநிலம். அங்கே வின்செஸ்டர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில், 1836-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந்தேதி பிளாக் பிறந்தார்.

சிறுவன் பிளாக்குக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. காடும் ஓடையும்தான் பிடித்தன. மரம், செடி, பூச்சி, பறவை என்று எதைக் கண்டாலும் நின்று பார்ப்பான். பள்ளியில் அவன் படித்த காலத்தை மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். அவ்வளவு குறைவு!

பிள்ளை உருப்படுவானா என்று எந்தப் பெற்றோருக்கும் கவலை வரும் அல்லவா? 17-வது வயதில் அவனை அண்ணனிடம் அனுப்பினார்கள். அண்ணன் தாமஸ், கிளேட்டன் என்ற ஊரில் வைத்தியம் பார்த்து வந்தார். அவரிடம் தம்பி மருந்து கலக்கக் கற்றார். மருத்துவப் புத்தகங்களைப் படித்தார்.

பிறகு ஸ்பியர் என்ற பல் வைத்தியரிடம் தொழில் பழகப் போனார். அந்தக் காலத்தில் தச்சு வேலை, கொல்லு வேலை போலப் பல் வைத்தியமும் ஒரு கைத்தொழில்தான். ஓர் ஆசானிடம் சில மாதம் இருந்தால் போதும். சொந்தக் கடை திறந்துவிடலாம்.

1857-ம் ஆண்டு, பிளாக் வின்செஸ்டரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

யுத்தமும் துக்கமும்

சில ஆண்டுகளில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்டன. பிளாக் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார். எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்ப்பது அவர் வேலை. காட்டில் திரிந்து பழகிய கண் அங்கே உதவியது.

ஆனால் முழங்காலில் பலத்த காயம் பட்டது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் படுத்துக் கிடந்தார். இனிப் போருக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய முதல் மனைவியும் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

1864-ம் ஆண்டு ஜாக்சன்வில் என்ற ஊருக்குக் குடிபோனார். மறு ஆண்டு எலிசபெத் என்ற பெண்மணியை மணந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில்தான் பல் பிடுங்கினார், பல் அடைத்தார்.

பகலில் நோயாளிகள். இரவில் புத்தகம்!

பள்ளிக்கூடத்தை வெறுத்த அதே மனிதர், இப்போது தாமாகவே ரசாயனம் படித்தார். மைக்ராஸ்கோப்பு வாங்கிக் கிருமிகளை ஆராய்ந்தார். நல்ல மருத்துவ நூல்கள் ஜெர்மன் மொழியில் வருகின்றன என்று தெரிந்ததும் அந்த மொழியையும் கற்றுக்கொண்டார்.

பல்லைக் குடைவதற்குக் காலால் மிதித்து ஓட்டும் யந்திரம் ஒன்றையும் அவர் செய்தார். தையல் மிஷினை மிதிப்பதுபோல் காலால் மிதிக்க வேண்டும். கயிறு சுழலும். அதன் முனையில் குடையும் ஊசி சுழலும். அக்காலத்தில் இப்படிப்பட்ட யந்திரம் செய்ய முயன்ற சிலரில் இவரும் ஒருவர்.

பாதரசச் சண்டை

இனி அந்தச் சண்டைக்கு வருவோம்.

அப்போது சொத்தையை அடைக்க உயர்ந்த பொருள் தங்கம். மெல்லிய தங்கத் தகட்டைத் துளித்துளியாகக் குழியில் வைத்து, தட்டித் தட்டி இறுக்குவார்கள். நல்ல வேலைதான். ஆனால் மணிக்கணக்கில் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். செலவும் அதிகம். ஏழைக்கு அது எட்டாக்கனி!

இன்னொரு பொருளும் இருந்தது. வெள்ளித்தூளைப் பாதரசத்தில் குழைத்தால் களிம்புபோல் ஆகும். அதைக் குழியில் வைத்து அழுத்தினால் சில மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். இதற்கு அமால்கம் என்று பெயர். நம்மூரில் வெள்ளி அடைப்பு என்பது இதைத்தான்.

1833-ம் ஆண்டு, கிராக்கூர் என்ற குடும்பப் பெயருடைய சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தார்கள். ராஜரீகமான பெயர் ஒன்றைச் சூட்டி இந்தக் கலவையை விளம்பரப்படுத்தினார்கள். வலி இல்லை, நேரம் ஆகாது என்றார்கள். கூட்டம் கூடியது. பணம் குவிந்தது.

ஆனால் அவர்கள் சொத்தையைச் சரியாகச் சுரண்டவில்லை. சொத்தையின் மேலேயே கலவையை அப்பினார்கள். சில காலத்தில் அடைப்புகள் கழன்று விழுந்தன. பல் கறுத்தது. சில பற்கள் பிளந்தன. சகோதரர்கள் ஊரைவிட்டே போனார்கள்.

தங்கம் அடைக்கும் டாக்டர்களுக்கு வந்தது கோபம். 1843-ம் ஆண்டு, அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. அமால்கம் வைப்பது தொழில் துரோகம் என்றது. அதை வைக்கமாட்டேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றும் கட்டளையிட்டது. பலர் மறுத்தார்கள். 1856-ல் சங்கம் கலைந்தது.

சங்கம் போனாலும் சண்டை போகவில்லை. 1877-ல் பிளாக் என்ற டாக்டரும்—இவர் வேறு, ஃபிளாக்—அவருடைய கூட்டாளிகளும் புதுக் கொடி தூக்கினார்கள். மெலிந்த பல்லுக்குத் தங்கம்தான் மிகக் கெட்ட பொருள் என்றார்கள். ஆக, ஒரு கட்சி தங்கத்தைத் தூக்கிப் பிடித்தது. மறு கட்சி அமால்கத்தைத் தூக்கிப் பிடித்தது.

இரண்டு கட்சியிலும் திறமைசாலிகள் இருந்தார்கள். குறை ஒன்றுதான். தன் கைராசியைச் சொன்னார்களே தவிர, பொருளை அளந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். இங்கிலாந்தில் ஜான் டோம்ஸ் என்பவர் 1861-ல் அமால்கம் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து பார்த்தார். அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கம்பெனிகளோ வேறு விளையாட்டு விளையாடின. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரகசியக் கலவை. எங்கள் சரக்கே உலகில் சிறந்தது என்று விளம்பரம். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கும் டாக்டருக்குத் தெரியாது. இதில் அவதிப்பட்டது யார்? நாற்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த நோயாளிதான்!

கடியை அளந்தார்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பிளாக் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்.

முதலில் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி மிக எளிமையானது. பல் அடைப்பு எவ்வளவு பாரம் தாங்கவேண்டும்? இது தெரியாமல் எந்தப் பொருள் நல்லது என்று எப்படிச் சொல்வது?

மனிதன் கடிக்கும் வேகத்தை அளக்க ஒரு கருவி செய்தார். வருகிறவர்களை அதைக் கடிக்கச் சொன்னார். கருவியின் முள் எண்ணைக் காட்டியது. கடைவாய்ப் பல்லின் கடி பலருக்கும் நூறு பவுண்டைத் தாண்டியது. அதாவது 45 கிலோவுக்கு மேல். அரை மூட்டை நெல்லின் பாரம் ஒரு சிறு பல்லின்மேல் இறங்குகிறது!

அதோடு விடவில்லை. உணவுப் பொருள்களை நசுக்க எவ்வளவு அழுத்தம் தேவை என்று பார்க்க இன்னொரு கருவியையும் செய்தார்.

அடுத்தது பல். சொத்தை விழும் பல்லைப் பலவீனமான பல், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பல் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். பிளாக் நூற்றுக்கணக்கான பற்களை வெட்டி, எடைபோட்டு, நசுக்கிப் பார்த்தார். சொத்தை விழுந்த பல்லுக்கும் விழாத பல்லுக்கும் அப்படிப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை!

இது பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லின் உறுதி காரணம் இல்லை என்றால் வேறு என்ன? பல்லின்மேல் படிந்து வாழும் கிருமிகளும், அவை உண்டாக்கும் அமிலமும்தான் என்ற கட்சிக்கு இது பலம் சேர்த்தது. மெலிந்த பல்லுக்கு இது, வலுத்த பல்லுக்கு அது என்ற வாதத்தின் அஸ்திவாரமும் ஆட்டம் கண்டது.

வெள்ளி உப்பும், ஈயம் சுருங்கும்

மூன்றாவதாக அமால்கத்தைச் சோதனை செய்தார். அவருடைய வாழ்க்கையில் முக்கியமான கட்டம் இதுதான்.

எஃகுக் குழாய் ஒன்றில் கலவையை அடைத்தார். அது இறுகியதும் மைக்ராஸ்கோப்பில் ஓரத்தைப் பார்த்தார். சுருங்கியிருந்தால் குழாய்க்கும் கலவைக்கும் நடுவே கோடுபோல் இடைவெளி தெரியும். உப்பியிருந்தால் கலவை மேலே பிதுங்கி நிற்கும். தலைமயிரின் கனத்தைவிடச் சிறிய மாறுதலையும் காட்டும் அளவுகருவியை அதற்கென்றே அமைத்தார்.

இந்த இடைவெளி ஏன் முக்கியம்? சுவரில் விரிசல் விட்டால் மழைத்தண்ணீர் கசியும் அல்லவா? அதுபோலத்தான். அடைப்பு சுருங்கினால், அந்த மெல்லிய சந்தில் எச்சில் இறங்கும். கிருமியும் கூடவே இறங்கும். அடைப்பின் அடியில் புதுச் சொத்தை கிளம்பும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அளவுக்கு மீறி உப்பினாலும் ஆபத்துதான். அடைப்பு வெளியே தள்ளும், பல் வலிக்கும்.

பிளாக் ஒவ்வொரு உலோகத்தையும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். வெள்ளி அதிகமானால் கலவை உப்பியது, சீக்கிரம் இறுகியது. வெள்ளீயம் அதிகமானால் சுருங்கியது; மெதுவாக இறுகியது. செம்பு சிறிது சேர்த்தால் உறுதி கூடியது.

இன்னொரு விசித்திரத்தையும் கண்டார். உடையாத அளவுக்குச் சிறிய பாரத்தை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால், இறுகிப்போன அமால்கமும் மெல்ல மெல்லத் தட்டையாகிறது! கல்போல் இருக்கும் பொருள் மெழுகுபோல் நகர்கிறது. தினம் மூன்று வேளை மெல்லும் வாயில் இப்படி நகர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே நசுங்கும் பாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, இந்த நகர்வையும் அளக்கவேண்டும் என்றார்.

ஏமாற்றிய தூள்

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று கணக்கு தப்பியது!

ஒரே கலவை. ஒரே நிறை. ஒரே கை. ஆனால் இன்று ஒரு முடிவு, சில வாரம் கழித்து வேறு முடிவு. முன்பு உப்பிய கலவை இப்போது சுருங்கியது. 1895-ம் ஆண்டு பத்திரிகையில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டிருந்த நேரம். வேறொருவராக இருந்தால் விஷயத்தை மூடி மறைத்திருப்பார்.

பிளாக் மறைக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

குற்றவாளி எது தெரியுமா? தூள்தான்! உலோகத்தைச் சீவித் தூளாக்கியவுடன் எடுத்துக் குழைத்தால் ஒரு குணம். அதே தூள் கொஞ்ச காலம் டப்பாவில் கிடந்தால் இன்னொரு குணம். காற்றுப் பட்டுத் தூள் கெடுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். காற்று அல்ல, சூடுதான் காரணம் என்று பிளாக் காட்டினார். அறையின் சாதாரண வெப்பமே தூளை மெல்ல மாற்றிவிடும். வெந்நீரில் வைத்தால் அந்த மாற்றம் விரைவில் முடிந்துவிடும்.

கொல்லர் பட்டறையில் தட்டிய இரும்பை மறுபடி காய்ச்சிப் பதப்படுத்துவார்கள். கிட்டத்தட்ட அதே விஷயம்தான். சீவும்போது உலோகத்தில் ஏறிய முறுக்கு, சூட்டில் தளர்கிறது.

இதைக் கண்டுபிடித்ததும் வழி திறந்துவிட்டது. தூளை முன்கூட்டியே பதப்படுத்திவிட்டால் அது பிறகு மாறாது. கம்பெனியில் செய்த சரக்கு டாக்டரின் அலமாரியில் ஆறு மாதம் இருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

1896-ம் ஆண்டு மறு ஆராய்ச்சியின் முடிவுகளையும் வெளியிட்டார். சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளி, கால் பங்கு வெள்ளீயம், மீதியில் சிறிதளவு செம்பும் துத்தநாகமும் போன்றவை. இந்த அளவில் செய்த கலவை உப்பவும் இல்லை. சுருங்கவும் இல்லை என்று சொல்லும்படி இருந்தது. ரகசியம் எதுவும் வைக்கவில்லை. அளந்த முறை, வந்த எண்கள் எல்லாம் பத்திரிகையில் அச்சாகி வந்தன. படித்தவர் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

அமால்கம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி அதோடு மாறிவிட்டது. எந்த அமால்கம், எந்த அளவு, எப்படிப் பதம் செய்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். தங்கத்துக்கு வழியில்லாத தொழிலாளியும் விவசாயியும் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது.

குழிக்கும் இலக்கணம்

பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? குழி சரியாக இருக்கவேண்டாமா?

அமால்கம் பல்லில் ஒட்டாது. பூட்டில் மாட்டிய சாவிபோல் மாட்டிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே பெட்டிபோல் குழி வெட்டவேண்டும், அடி தட்டையாக இருக்கவேண்டும் என்று பிளாக் விதி வகுத்தார். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் கண்ணாடிபோன்றது. அடியில் தாங்கல் இல்லாமல் விளிம்பை விட்டால் உடைந்துவிடும். எனவே விளிம்பை எந்தத் திசையில் சீவவேண்டும் என்பதையும் விளக்கமாக எழுதினார்.

சொத்தை விழும் இடத்தை வைத்து ஐந்து வகை பிரித்தார். மேடுபள்ளத்தில் விழும் சொத்தை முதல் வகை. கடைவாய்ப் பற்களின் இடுக்கில் விழுவது இரண்டாவது. முன்பற்களின் இடுக்கில் விழுவது மூன்றாவது. முன்பல்லின் முனையும் சேர்ந்து போனால் நான்காவது. ஈறு ஓரத்தில் விழுவது ஐந்தாவது. ஆறாவது வகை பிற்காலத்தில் மற்றவர்கள் சேர்த்தது.

அவருடைய ஒரு விதி மட்டும் இன்று செல்லுபடி ஆகவில்லை. சொத்தை இல்லாத பக்கத்துப் பள்ளங்களையும் சேர்த்து வெட்டிவிட வேண்டும், பின்னால் அங்கே சொத்தை வராது என்றார். அன்று பல் விளக்கும் பழக்கம் குறைவு. ஒட்டும் பொருளும் கிடையாது. அந்த நிலைமைக்கு அது பொருந்தியது. ஆனாலும் அந்த விதியால் எத்தனையோ நல்ல பல்லும் வெட்டுப்பட்டது உண்மை. குருவின் வார்த்தையைச் சீடர்கள் வேதமாக எடுத்துக்கொண்டால் வரும் வினை அது.

கருவிகளுக்கும் ஒழுங்கு கொண்டுவந்தார். அதுவரை ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பிளாக் எண் முறையைப் புகுத்தினார். முதல் எண் கருவியின் அலகு எவ்வளவு அகலம் என்று சொல்லும். இரண்டாவது எண் அலகின் நீளம். மூன்றாவது எண் அலகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. எண்ணைச் சொன்னால் போதும். எந்த ஊர் டாக்டருக்கும் அதே கருவி கிடைக்கும்.

படிக்காதவர் தலைவரானார்

கல்லூரி வாசலை மிதிக்காதவரைக் கல்லூரிகள் தேடி வந்தன. மிசௌரியிலும் சிகாகோவிலும் பாடம் நடத்தினார். கௌரவப் பட்டங்கள் குவிந்தன. 1891-ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் பல் மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் ஆனார். 1897-ல் அதன் தலைவர். அந்த ஆண்டுதான் ஜாக்சன்வில்லை விட்டுச் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1890-ல் அவர் எழுதிய பல் அமைப்பு நூலில் ஒவ்வொரு பல்லின் நீளம், அகலம் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். 1908-ல் பல் அடைப்பு பற்றி இரண்டு பெரிய பாகங்கள் வெளியிட்டார். அவருடைய மகன் ஆர்தரும் பல் டாக்டர் ஆனார். பின்னாளில் தந்தை வகித்த அதே பதவியில் அமர்ந்தார். இன்னொரு மகன் கார்ல் அறுவை சிகிச்சை நிபுணர்.

பழுப்புப் பல் மர்மம்

எழுபது வயதுக்கு மேல் ஓய்வு எடுப்பார்கள். பிளாக் ரயில் ஏறினார்!

கொலராடோ மாநிலத்தில் மக்கே என்ற இளம் பல் டாக்டர் இருந்தார். அங்கே பிறந்து வளர்ந்த பலருடைய பற்களில் பழுப்புக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகாது. இது என்ன என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மக்கே பெரியவருக்கு எழுதினார், பற்களையும் அனுப்பினார்.

பிளாக்குக்கே இது புதிதாக இருந்தது. பற்களைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1909-ல் நேரிலேயே கொலராடோ சென்றார். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே எனாமலில் நேர்ந்த குறை இது என்று கண்டார்.

அதில் ஓர் ஆச்சரியம்! பார்க்க விகாரமான அந்தப் பற்களில் சொத்தை மிகவும் குறைவாக இருந்தது. குறையுள்ள எனாமல் சீக்கிரம் சொத்தையாக வேண்டும் அல்லவா? ஏன் ஆகவில்லை?

விடை தெரிவதற்கு முன்பே, 1915-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி பிளாக் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. மக்கேயுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சி மறு ஆண்டு அச்சில் வந்தது. 1931-ல் சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர் விடையைக் கண்டுபிடித்தார். குடிதண்ணீரில் இருந்த புளோரைடு என்ற உப்புத்தான் காரணம். அளவோடு இருந்தால் அது பல்லைக் காக்கும். மிஞ்சினால் கறை பிடிக்கும். நம் தர்மபுரி, சேலம் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் மக்கள் பற்களில் காணும் பழுப்புக் கறையும் இதே புளோரைடு மிஞ்சியதால் வருவதுதான்.

கலவை மாறியது, சோதனை மாறவில்லை

பிளாக் வகுத்த கலவை சுமார் 70 ஆண்டுகள் அதிக மாற்றமின்றி உலகம் முழுவதும் ஓடியது. 1963-ல் செம்பு அதிகம் சேர்ந்த புதுக்கலவை வந்தது. பாதரசத்தால் சுற்றுப்புறம் கெடுகிறது என்ற கவலை பிறகு வலுத்தது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2025-ம் ஆண்டு முதல், தவிர்க்க முடியாத சில நோயாளிகளுக்குத் தவிர, அமால்கம் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

ஆனால் அவர் காட்டிய சோதனை முறை நிலைத்தது. 1919-ல் அமெரிக்க ராணுவம், தான் வாங்கும் பல் அடைப்புச் சரக்கைச் சோதித்துத் தரும்படி அரசாங்கத்தின் அளவு நிர்ணய நிலையத்தைக் கேட்டது. அங்கே சூடர் என்ற விஞ்ஞானி உப்பல், சுருக்கம், நகர்வு, உறுதி இவற்றையெல்லாம் அளந்தார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வகுத்த தர விதிகளில் முதல் எண் பெற்றது அமால்கத்துக்கான விதிதான்.

அதே நிலையத்தில் போவன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பிசினைச் செய்தார். 1962-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பிசினில் கண்ணாடித்தூள் கலந்தால் பல்லின் நிறத்திலேயே அடைப்புக் கிடைத்தது. இன்று முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் டாக்டர்கள் வைக்கும் வெள்ளை அடைப்பு இந்த வம்சம்தான். 1955-ல் புவனகோர் காட்டியபடி, எனாமலில் லேசாக அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கினால் இது பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டிபோல் வெட்ட வேண்டியதில்லை. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. நீல ஒளி காட்டி இறுக வைக்கும்போது சுமார் 2, 3 சதவீதம் சுருங்குகிறது! எனவேதான் டாக்டர்கள் ஒரே தடவையில் குழியை நிரப்பாமல், சிறிது சிறிதாக வைத்து ஒளி காட்டுகிறார்கள். புதுப் பிசின் எது வந்தாலும், எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்ற இரண்டு கேள்விகளையும் ஆய்வுக்கூடத்தில் முதலில் கேட்கிறார்கள். எஃகுக் குழாயை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பிளாக் கேட்டவையும் இவைதான்.

பிளாக் தலைமை வகித்த நார்த்வெஸ்டர்ன் பல் மருத்துவப் பள்ளியை 2001-ல் மூடிவிட்டார்கள். சிகாகோவின் லிங்கன் பூங்காவில் 1918-ல் திறந்து வைத்த அவருடைய சிலை இருக்கிறது. பல் டாக்டரின் தட்டில் உள்ள சுரண்டும் கருவிகளின் கைப்பிடியைப் பார்த்தால், அவர் வகுத்த எண்கள் இன்றும் வரிசையாகப் பொறித்திருக்கும்.